ஸ்ரீநகர் துலிப் தோட்டம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிப்ரவரி பிறந்தால் போதும், காஷ்மீருக்கு டிக்கெட் எடுக்கப் போகிறவர்கள் ஒவ்வொருவராக என்னிடம் வந்துவிடுகிறார்கள். அடுக்ககத்து அண்டை வீட்டார், உறவினர்கள், அவர்கள் சொல்லி அனுப்பிய முன்பின் அறியாதவர்கள் என்று எல்லோரும் கேட்பது ஏறத்தாழ அதே கேள்விகள். அவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். முதலில் தேதியும் பயணமும். பூவைப் பற்றியவை அதற்குப் பிறகு. அவசரப்படுகிறவர்கள் இரண்டாவது கேள்வியையாவது படித்துவிட்டு டிக்கெட் எடுங்கள்.

எல்லோரும் சொல்லும் அந்தத் துலிப் தோட்டம் சரியாக எங்கே இருக்கிறது?

ஸ்ரீநகரில், தால் ஏரிக்குக் கிழக்கே, ஜபர்வான் மலையடிவாரத்தில். அதன் அதிகாரப்பூர்வப் பெயர் இந்திரா காந்தி நினைவுத் துலிப் தோட்டம். முன்பு அந்த இடம் சிராஜ் பாக் என்று அழைக்கப்பட்டது. குலாம் நபி ஆசாத் முதல்வராக இருந்தபோது, 2007-ல் இது துலிப் தோட்டமாக உருவெடுத்தது. ஜம்மு காஷ்மீரின் மலர் வளர்ப்புத் துறை இதைப் பராமரிக்கிறது. பரப்பு சுமார் 30 ஹெக்டேர்; மலைச்சரிவில் ஏழு அடுக்குகளாக ஏறிச் செல்கிறது.

ஷாஜஹான் காலத்துச் சஷ்மே ஷாஹி தோட்டம் பக்கத்திலேயே இருக்கிறது. ஆட்டோக்காரரிடம் 'துலிப் கார்டன்' என்று சொன்னால் போதும்.

எப்போது போனால் பூ இருக்கும்? ஏப்ரல் முழுவதும் இருக்கும் என்கிறார்களே?

முழுவதும் இருக்காது. ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மாதம்தான் தோட்டம் திறந்திருக்கும். மார்ச் இரண்டாம் பாதியில் திறப்பார்கள். பெரும்பாலும் ஏப்ரல் மூன்றாவது அல்லது நான்காவது வாரத்தில் மூடிவிடுவார்கள். 2023-ல் மார்ச் 19, 2024-ல் மார்ச் 23, 2025-ல் மார்ச் 26 என்று திறப்பு நாள் நகர்ந்துகொண்டே இருந்திருக்கிறது. காலண்டரைப் பார்த்துப் பூப்பதில்லை. மண்ணின் சூடு ஏறுவதைப் பொறுத்துத்தான் மொட்டு மேலே வரும்.

என் கணக்கு இது: திறந்த நாளிலிருந்து ஒரு வாரம் கழித்துத் தொடங்கி அடுத்த பத்து நாட்கள். பெரும்பாலான ஆண்டுகளில் இதன் பெரும்பகுதி ஏப்ரல் முதல் தேதியிலிருந்து 12-ஆம் தேதிக்குள் வந்துவிடும். திறப்பு விழாவன்று போகிறவர்கள் செய்தியில் இடம்பெறலாம், ஆனால் பாதிப் பாத்திகளில் பச்சை மொட்டுகளைத்தான் பார்ப்பார்கள்.

பிள்ளைகளுக்குத் தேர்வு முடிய ஏப்ரல் கடைசி ஆகிவிடும். மே முதல் வாரத்தில் போனால் கொஞ்சமாவது மிச்சமிருக்காதா?

இருக்காது. தோட்டமே மூடியிருக்கும். இதைச் சொல்லும்போது எதிரில் இருப்பவரின் முகம் வாடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன், ஆனால் வேறு பதில் இல்லை. மே மாதம் காஷ்மீர் செல்ல நல்ல மாதம்தான். ஷாலிமார், நிஷாத் தோட்டங்களில் சினார் மரங்கள் தழைத்து நிழல் தரும். ஏப்ரல் தொடக்கத்தில் அதே சினார்கள் மொட்டையாக நிற்கும். ஆகவே மே மாதத்துக்கென்று வேறு ஆசைகளை வைத்துக்கொள்ளுங்கள். துலிப்பை அதில் சேர்க்காதீர்கள்.

திறப்பு தேதி மார்ச்சில்தான் தெரியும். விமான டிக்கெட்டோ அதற்கு முன்பே எடுக்க வேண்டியிருக்கிறது. என்ன செய்வது?

மேலே சொன்ன ஏப்ரல் முதல் பன்னிரண்டு நாட்களுக்குள் பயணத்தின் நடுப்பகுதி விழும்படி எடுங்கள். ஸ்ரீநகரில் தங்கும் இரவுகளைப் பயணத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் பிரித்து வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. வந்த மறுநாள் தோட்டம் பாதிதான் பூத்திருந்தால், குல்மார்க், பஹல்காம் பார்த்துவிட்டுத் திரும்பும்போது இன்னொரு முறை போகலாம். நான்கைந்து நாள் இடைவெளியில் பாத்திகளின் நிறமே மாறியிருக்கும். பயண முகவர்கள் பொதுவாக ஸ்ரீநகரை ஒரே மூச்சில் முடித்துவிடுவார்கள். நீங்கள்தான் கேட்டு மாற்றிக்கொள்ள வேண்டும்.

ரயிலிலேயே போய்விட முடியுமா?

இப்போது முடியும். 2025 ஜூனில் கத்ரா–ஸ்ரீநகர் வந்தே பாரத் ரயில் தொடங்கியதோடு பள்ளத்தாக்கு நாட்டின் மற்ற ரயில் பாதைகளோடு இணைந்துவிட்டது. செனாப் ஆற்றின் மேல் 359 மீட்டர் உயரத்தில் கட்டிய பாலத்தைக் கடந்து, சுமார் மூன்று மணி நேரத்தில் ஸ்ரீநகர் சேரலாம். சென்னையிலிருந்து கத்ராவுக்கு அந்தமான் எக்ஸ்பிரஸும், கன்னியாகுமரியிலிருந்து வாரம் ஒருமுறை ஹிம்சாகர் எக்ஸ்பிரஸும் இருக்கின்றன. நாட்கணக்கில் உட்கார்ந்து போகப் பொறுமை வேண்டும். வழியில் வைஷ்ணவ தேவி கோயிலுக்கும் போக நினைப்பவர்களுக்கு இது மிகவும் பொருத்தம்.

விமானத்தில் போகிறவர்கள் பெரும்பாலும் டெல்லி வழியாகத்தான் போகிறார்கள். ஜம்முவிலிருந்து சாலை வழியை மார்ச், ஏப்ரலில் நான் பரிந்துரைப்பதில்லை. மழையில் ராம்பன் பக்கம் மலை சரிந்தால் நெடுஞ்சாலை அடைபட்டுவிடும்.

அங்கே இறங்கியதும் போன் வேலை செய்யாதாமே?

ப்ரீபெய்டு சிம் என்றால் வேலை செய்யாது. வெளி மாநில ப்ரீபெய்டு எண்களுக்கு ஜம்மு காஷ்மீரில் சேவை கிடையாது. போஸ்ட்பெய்டு எண்களுக்கு உண்டு. குடும்பத்தில் ஒருவராவது போஸ்ட்பெய்டுக்கு மாறிக்கொள்ளுங்கள். அதை ஊரிலேயே, சில நாட்கள் முன்னதாகச் செய்யுங்கள்.

உண்மையைச் சொல்லுங்கள், பயமில்லையா?

2025 ஏப்ரல் 22 அன்று பஹல்காம் அருகே பைசரன் புல்வெளியில் நடந்த தாக்குதலில் 26 பேர் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பின் பல சுற்றுலா இடங்கள் மூடப்பட்டன. மே மாதம் ஸ்ரீநகர் விமான நிலையமும் சில நாட்கள் இயங்கவில்லை. இதையெல்லாம் மறைத்து "ஒன்றுமில்லை, போய் வாருங்கள்" என்று சொல்ல நான் தயாராக இல்லை.

துலிப் தோட்டம் நகருக்குள், வாசலும் சோதனையும் உள்ள இடம். தனித்த மலைப் புல்வெளியைப் போன்றது அல்ல. புறப்படுவதற்கு முந்தைய வாரத்தில் அரசின் அறிவிப்புகளைப் பாருங்கள். பணம் திரும்பக் கிடைக்கும் டிக்கெட்டையும் அறையையும் எடுங்கள். அடையாள அட்டையை எப்போதும் கையில் வைத்திருங்கள். மனம் ஒப்பவில்லை என்றால் போகாதீர்கள். பயந்துகொண்டே பூப் பார்க்கப் போவதில் என்ன இருக்கிறது?

ஒரு மணி நேரம் போதும் என்கிறார் எங்கள் டிரைவர். போதுமா?

அவருக்குப் போதும். வாசலில் ஒரு படம், நடுவில் ஒரு படம், மலையோடு ஒரு படம் என்று எடுத்துத் திரும்புகிறவர்களுக்கு நாற்பது நிமிடமே போதும். வகைகளைப் பார்க்க விரும்பினால் இரண்டரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஒதுக்குங்கள். அதே நாளில் சஷ்மே ஷாஹி, பரி மஹால், நிஷாத், ஷாலிமார், படகுச் சவாரி என்று ஆறு இடங்களை அடுக்கித் தரும் திட்டங்களில் முதலில் அடிபடுவது துலிப் தோட்டம்தான். டிரைவரிடம் காலையிலேயே பேசி, காத்திருப்புக்கு என்ன என்று முடிவு செய்துவிடுங்கள். பிறகு நிம்மதி.

ஞாயிற்றுக்கிழமையைத் தவிருங்கள். உள்ளூர்க் குடும்பங்களும் அன்றுதான் வருகின்றன. அது அவர்கள் ஊர்த் தோட்டம். கடுங்குளிர் முடிந்து வெளியே வரும் முதல் விடுமுறை நாட்களை அவர்கள் கொண்டாட வேண்டாமா?

காலையில் போவதா, மாலையிலா?

இரண்டுக்கும் வேறு வேறு பூக்கள் கிடைக்கும் என்றுதான் சொல்வேன். துலிப் வெப்பத்துக்கு ஏற்பத் திறந்து மூடும் பூ. குளிர்ந்த காலையில் இதழ்கள் குவிந்து கிண்ண வடிவில் நிற்கும். வெயில் ஏறியதும் விரியும். சில வகைகள் நண்பகலில் முழுவதும் மலர்ந்து உள்ளே அடிப்பகுதியில் இருக்கும் கறுப்பு அல்லது மஞ்சள் திட்டைக் காட்டும். பலர் அந்த உட்புறத்தைப் பார்க்காமலே திரும்பிவிடுகிறார்கள். அது பெரிய இழப்பு.

படம் எடுப்பதற்கு ஒரு குறிப்பு. ஜபர்வான் மலை தோட்டத்துக்குக் கிழக்கே இருப்பதால் காலைச் சூரியன் மலைக்குப் பின்னாலிருந்துதான் வரும். மலையைப் பின்னணியாக வைத்தால் முகம் இருண்டுபோகும். பிற்பகல் மூன்று மணிக்குப் பின் ஒளி ஏரிப் பக்கமிருந்து விழும். பூவும் மலையும் சேர்ந்து தெளிவாக வரும். ஒரே ஒரு முறைதான் போக முடியும் என்றால் பிற்பகல் ஒரு மணிக்கு நுழைந்து, விரிந்த பூக்களை முதலில் பார்த்துவிட்டு, படங்களைக் கடைசியில் எடுங்கள்.

மழை பெய்துவிட்டால் போனதெல்லாம் வீண்தானே?

மழைக்கு வாய்ப்பு நிறையவே உண்டு. ஸ்ரீநகரில் மார்ச்சும் ஏப்ரலும்தான் அதிக மழை பெறும் மாதங்களில் அடங்கும். லேசான மழையில் துலிப் மூடிக்கொள்ளும். நிறங்கள் இன்னும் ஆழமாகத் தெரியும், கூட்டமும் குறையும். பலத்த மழையோ ஆலங்கட்டியோ வந்தால்தான் சேதம், அதிலும் அடுக்கிதழ் வகைகள் நீர் தாங்கித் தலை சாய்ந்துவிடும். குடையைவிட மழைச் சட்டை வசதி. நெரிசலான பாதையில் குடை அடுத்தவர் கண்ணைக் குத்தும்.

உடை பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மார்ச் கடைசியில் இரவில் 5 டிகிரி வாக்கில் இறங்கும், பகலில் 15. ஏப்ரல் நடுவில் பகல் 20-ஐத் தொடும். ஒரே கனத்த கோட்டுக்குப் பதிலாக மெல்லிய ஸ்வெட்டர், மேலே காற்று புகாத சட்டை என்று இரண்டாக அணிந்தால் வெயில் வந்ததும் ஒன்றைக் கழற்றிவிடலாம்.

எங்கள் அம்மாவுக்கு முழங்கால் வலி. ஏழு அடுக்கும் ஏற வேண்டுமா?

வேண்டாம். சரிவு மென்மையானதுதான், ஆனால் ஏறிக்கொண்டே போகும் சரிவு. கீழ் அடுக்குகளிலேயே போதுமான வகைகள் இருக்கும்; கீழிருந்து பார்த்தால் மேல் அடுக்குகள் வண்ணப் பட்டைகளாகவும் தெரியும். அம்மாவைக் கீழே ஓர் இருக்கையில் உட்காரவைத்து, நீங்கள் மட்டும் மேலே போய் வாருங்கள். மழை பெய்த மறுநாள் புல்லோரம் வழுக்கும். செருப்பு வேண்டாம், பிடிப்பான ஷூ போடச் சொல்லுங்கள்.

எல்லாம் ஒரே பூதானே, நிறம்தானே வேறு? எழுபது வகை என்கிறார்கள், எனக்கு ஏழுகூடத் தெரியவில்லையே?

நிறத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு வடிவத்தைப் பாருங்கள். அப்போது பிரியத் தொடங்கும். உலகில் பெயர் பெற்ற துலிப் வகைகள் மூவாயிரத்துக்கு மேல். அவற்றைப் பூக்கும் காலத்தையும் வடிவத்தையும் வைத்துப் பதினைந்து வாக்கில் பெரும் பிரிவுகளாகப் பிரித்திருக்கிறார்கள். அவை அனைத்தையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. பின்வருபவை கண்ணில் பட்டால் போதும்.

பாத்திகளில் மிகுதியாக நிற்கும் நடுத்தர உயர, கிண்ண வடிவப் பூக்கள் பெரும்பாலும் டிரையம்ஃப் பிரிவு. அவற்றைவிட உயர்ந்து, கைப்பிடி அளவு பெரிதாக, அழுத்தமான சிவப்பிலோ மஞ்சளிலோ நிற்பவை டார்வின் கலப்பினங்கள். 'அப்பெல்டூர்ன்' என்ற சிவப்பு இவற்றில் புகழ்பெற்றது. இதழ் நுனி கூராகி வெளிப்புறம் வளைந்திருந்தால் லில்லி வடிவம். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான், இடுப்பு ஒடுங்கிய அந்த வடிவத்தில் ஒரு மிடுக்கு இருக்கிறது. இதழோரம் பட்டுச் சேலை முந்தானைக் குஞ்சம் போல் நுண்ணிய இழைகளாகப் பிரிந்திருந்தால் அது விளிம்பிழை வகை; நிமிர்ந்து நின்று பார்த்தால் தெரியாது, குனிய வேண்டும். அடுக்கடுக்காக இதழ் நிரம்பியிருப்பவை அடுக்குத் துலிப். துலிப் என்று சொல்லாவிட்டால் ரோஜா என்றே நினைப்பீர்கள். இதழ் முறுக்கி, கிழிந்து, பச்சையும் சிவப்பும் கலந்து தாறுமாறாக இருப்பவை பேரட் என்னும் கிளி வகை. இதழின் முதுகில் பச்சைப் பட்டை ஓடினால் விரிடிஃப்ளோரா. குட்டையாக இருந்து, இலையில் கருஞ்சிவப்புக் கோடுகள் தென்பட்டால் கிரெய்கி. பூ உதிர்ந்த பிறகும் அதை இலையைக் கொண்டே சொல்லிவிடலாம்.

இன்னொன்று. சாதாரண துலிப்பில் ஆறு இதழ்கள் இருக்கும்: வெளியே மூன்று, உள்ளே மூன்று. பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள். அந்த ஐந்து நிமிடமாவது ஓடாமல் நிற்பார்கள்.

கறுப்புத் துலிப் உண்டாமே? நீலம்?

கறுப்பு என்று சொல்லப்படுபவை மிக ஆழ்ந்த கருஞ்சிவப்பு அல்லது கத்தரி நிறம். 'குவீன் ஆஃப் நைட்' என்ற வகை அப்படிப்பட்டது. வெயிலுக்கு எதிராகப் பார்த்தால் உள்ளிருக்கும் சிவப்பு வெளிப்படும். அது பின்பருவ வகை, ஆகையால் மார்ச் கடைசியில் போய்த் தேடி ஏமாறாதீர்கள்.

உண்மையான நீலத் துலிப் கிடையாது. தோட்டத்தில் கண்ணைப் பறிக்கும் நீலம் தென்பட்டால், அது ஹயசின்த் அல்லது மஸ்காரி. துலிப்போடு ஹயசின்த், டாஃபடில், ரனன்குலஸ் ஆகியவற்றையும் அங்கே வளர்க்கிறார்கள். இணையத்தில் நீலத் துலிப் விதை விற்பவர்களைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

வெள்ளையில் சிவப்புத் தீற்றல் போட்ட துலிப் எல்லாம் நோய் பிடித்தவை என்று படித்தேன். உண்மையா?

அந்தக் காலத்தில் உண்மை. பதினேழாம் நூற்றாண்டு நெதர்லாந்தில் ஒரு துலிப் கிழங்குக்கு வீட்டு விலை கொடுக்கும் அளவுக்குப் பித்து ஏறி, 1637 பிப்ரவரியில் சந்தை சரிந்தது அல்லவா? அப்போது மிக அதிக விலை போன 'செம்பர் அகஸ்டஸ்' போன்ற தீற்றல் பூக்களின் அழகுக்குக் காரணம் அசுவினிப் பூச்சி பரப்பிய ஒரு வைரஸ். அது நிறத்தை உடைத்துக் கோலம் போடும். கூடவே கிழங்கையும் தலைமுறைக்குத் தலைமுறை நலிவடையச் செய்யும். வைரஸ்தான் காரணம் என்று புரிந்துகொள்ள 1920-கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இன்று தோட்டங்களில் காணும் தீற்றல் வகைகள் மரபிலேயே அந்த நிறம் அமைந்தவை. நோயுற்ற கிழங்கை வளர்ப்பவர்கள் பிடுங்கி எறிந்துவிடுவார்கள்.

வாசனை இருக்குமா? ஒன்றாவது தலையில் வைத்துக்கொள்ளலாமா?

பெரும்பாலான துலிப்புக்கு வாசனை இல்லை. சில வகைகளில் லேசாக உண்டு. மல்லிகை, முல்லை என்று பழகிய மூக்குக்கு இது ஏமாற்றமாகத்தான் இருக்கும். தோட்டத்துக்குள் ஓரிடத்தில் திடீரென்று மணம் வந்தால் அருகில் ஹயசின்த் பாத்தி இருக்கிறது என்று பொருள்.

தலையில் வைக்கும் எண்ணத்தை விடுங்கள். பறிக்கக் கூடாது என்பது ஒருபுறம். காம்பு தடித்துச் சாறு நிறைந்தது, ஊசியில் கோக்கவும் வராது, பின்னலில் நிற்கவும் நிற்காது.

தோட்டக்காரர்களே பூவைக் கிள்ளிப் போடுகிறார்கள், கண்ணால் பார்த்தேன். நாங்கள் ஒன்று பறித்தால் மட்டும் தப்பா?

நல்ல கேள்வி. அவர்கள் கிள்ளுவது வாடத் தொடங்கிய பூவின் தலையை மட்டும். அப்படிச் செய்தால் செடி விதை பிடிப்பதில் சத்தைச் செலவழிக்காது. இலைகள் பச்சையாக இருக்கும் வரை வெயிலில் உணவு தயாரித்துக் கிழங்குக்கு அனுப்பும். நாம் பறிக்கும்போது நீளக் காம்போடு, இலையையும் சேர்த்து இழுத்துவிடுவோம். துலிப் செடிக்கு இருப்பதே சில இலைகள்தான். அவை போனால் அந்தக் கிழங்கின் கதை முடிந்தது.

பாத்திக்குள் கால் வைப்பதும் இதே காரணத்தால்தான் கூடாது. படத்துக்காக உள்ளே இறங்கி உட்காருகிறவர்களைக் காவலர்கள் விசில் ஊதி விரட்டுவார்கள், ஊதட்டும்.

மஞ்சள் பாத்தியின் நடுவே ஒரே ஒரு சிவப்பு நின்றதே, தப்பாக நட்டுவிட்டார்களா?

பல சமயம் அப்படித்தான். லட்சக்கணக்கான கிழங்குகளில் ஒன்றிரண்டு மாறிக் கலந்துவிடும். சில சமயம் வேறு காரணமும் இருக்கும். ஒரே கிழங்கு வழியில் திடீரென நிறம் மாறிய பூ பிறப்பதுண்டு. மேலே சொன்ன சிவப்பு 'அப்பெல்டூர்ன்' அப்படி மாறியதில்தான் 'கோல்டன் அப்பெல்டூர்ன்' என்ற மஞ்சள் வகை கிடைத்தது. ஆகவே அந்த ஒற்றைப் பூவை முறைக்காதீர்கள். எனக்கு அப்படி ஒன்று தட்டுப்பட்டால் அந்தப் பாத்தியே கூடுதலாகப் பிடித்துவிடும்.

போன ஆண்டு தோழி பார்த்த வகை, அவள் சொன்ன இடத்தில் இல்லையே?

ஒவ்வோர் ஆண்டும் தோட்டம் புதிதாக நடப்படுகிறது. பூ முடிந்து இலை மஞ்சளானதும் கோடையில் கிழங்குகளைத் தோண்டி எடுத்து, உலர்த்தி, அளவு வாரியாகப் பிரித்துச் சேமிப்பார்கள். அக்டோபர், நவம்பரில் மீண்டும் நடுவார்கள். அப்போது வண்ண வரிசையும் மாறும். தாய்க் கிழங்கு ஆண்டுதோறும் கரைந்து சேய்க் கிழங்குகளாகப் பிரிவதால் அவை சிறுத்துக்கொண்டே போகும். சிறிய கிழங்கு இலை மட்டும் விடும். அதனால் ஒரு பகுதியை நெதர்லாந்திலிருந்து புதிதாக வரவழைக்கிறார்கள். பாத்தியோரப் பெயர்ப் பலகையைப் படம் எடுத்துக்கொள்வது நல்ல பழக்கம். வீட்டுக்கு வந்த பிறகு எது எது என்று நினைவிருக்காது.

கிழங்கு வாங்கி வந்தால் சென்னையில் வளராதா? ஊட்டியிலாவது?

துலிப் கிழங்குக்குள் மொட்டு உருவானாலும், அது நீண்டு வெளிவர 12 முதல் 16 வாரங்கள் தொடர்ந்து குளிர் வேண்டும், ஏறத்தாழ 9 டிகிரிக்குக் கீழ். காஷ்மீரில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பனி மூடிய மண் அந்த வேலையைச் செய்துவிடுகிறது. ஊட்டியில் இரவு உறைபனி விழும், ஆனால் பகலில் வெயில் ஏறிவிடும். மண் மாதக்கணக்கில் குளிர்ந்தே கிடப்பதில்லை.

ஃப்ரிட்ஜில் காய்கறித் தட்டில் மூன்று நான்கு மாதம் வைத்துக் குளிரூட்டி, டிசம்பரில் தொட்டியில் நட்டு, ஏசி அறையின் ஜன்னலோரம் பூக்கவைப்பவர்கள் உண்டு. ஆப்பிளோடு சேர்த்து வைக்கக் கூடாது. பழுக்கும் பழம் விடும் எத்திலீன் வாயு உள்ளிருக்கும் மொட்டைக் கருக்கிவிடும். பூத்தாலும் காம்பு குட்டை, ஆயுள் சில நாள், அடுத்த ஆண்டு மறுபடி பூக்காது. இவ்வளவும் தெரிந்தே ஆசைப்பட்டால் செய்து பாருங்கள்.

ஆனால் ஏப்ரலில் காஷ்மீரில் யாராவது கிழங்கு விற்றால் வாங்காதீர்கள். முந்தைய பதிலை நினைத்துப் பாருங்கள்: அந்த மாதத்தில் நல்ல கிழங்கு மண்ணுக்குள், பூவைத் தாங்கி நிற்கும். கடையில் இருப்பது சென்ற இலையுதிர் காலத்தில் விற்காமல் போனது.

எல்லாம் ஹாலந்துக் கிழங்கு என்றால், இது இரவல் அழகுதானே? காஷ்மீருக்கும் துலிப்புக்கும் என்ன உறவு?

உறவைக் கேட்டால் நெதர்லாந்துக்குத்தான் குறைவு. துலிப்பின் பூர்வீகம் மத்திய ஆசிய மலைகள்; தியான்ஷான், பாமிர் பகுதிகளில் காட்டுத் துலிப் இனங்கள் இன்றும் ஏராளம். அங்கிருந்து பாரசீகம், துருக்கி வழியாகப் பரவி, 1593-ல் நெதர்லாந்தின் லெய்டன் நகருக்கு வந்த தாவரவியலாளர் கரோலஸ் குளூசியஸின் தோட்டத்தில் அடுத்த வசந்தத்தில் பூத்தது. அந்தப் பயணத்தின் வரைபடத்தை விரித்தால் காஷ்மீர் பூர்வீகத்துக்குப் பக்கத்து வீடு.

காஷ்மீரின் பழைய மர வீடுகளில் கூரை மீது மண் பரப்பி அதில் துலிப் கிழங்குகளை நடுவார்கள். வசந்தத்தில் கூரைகள் பூத்து நிற்கும். ஜஹாங்கீர் தம் நினைவுக் குறிப்புகளில் இதை வியந்து எழுதியிருக்கிறார். தகரக் கூரைகள் வந்த பிறகு அந்தக் காட்சி அரிதாகிவிட்டது. தோட்டத்தில் நிற்கும் கலப்பினங்கள் டச்சுக்காரர்கள் உருவாக்கியவை என்பது சரி. பூவே அந்நியம் என்பது சரியல்ல.

ஆசியாவிலேயே பெரியது, கின்னஸ் சாதனை என்றெல்லாம் சொல்கிறார்களே?

2023-ல் லண்டனைச் சேர்ந்த வேர்ல்டு புக் ஆஃப் ரெகார்ட்ஸ் என்ற அமைப்பு, 15 லட்சம் மலர்களும் 68 வகைகளும் கொண்ட ஆசியாவின் மிகப் பெரிய துலிப் பூங்கா என்று சான்றளித்தது. கின்னஸ் என்பது வேறு நிறுவனம். வாட்ஸ்அப்பில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. அதற்குப் பின் எண்ணிக்கையும் வகையும் கூடி, 2025-ல் 17 லட்சம், 74 வகைகள் என்று அறிவித்தார்கள். எல்லாம் ஒரே நாளில் பூத்து நிற்காது என்பதை மறக்க வேண்டாம்.

நெதர்லாந்தின் லிஸ்ஸே ஊரிலுள்ள கியூகன்ஹாஃப் தோட்டம் 32 ஹெக்டேர். ஆண்டுக்கு 70 லட்சம் கிழங்குகள், சுமார் 800 துலிப் வகைகள். வகைதான் வேண்டும் என்றால் அதற்கு ஈடில்லை. ஆனால் பனி போர்த்திய மலையும் ஏரியும் அங்கே கிடையாது. அந்த நாட்டில் மலையே கிடையாது. பழைய திரைப்படப் பாடல்களில் பார்த்த துலிப் வயல் இதுதானா என்றும் கேட்பார்கள். படம் 2007-க்கு முந்தையது என்றால் நிச்சயமாக இது இல்லை.

ஊட்டி மலர்க்காட்சி பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்குமா?

இருக்கும். ஊட்டியில் மே மாதம் தொட்டிகளை அடுக்கி, பூக்களால் உருவங்கள் செய்து காட்டுவார்கள், அது காட்சி. இங்கே பூ நிலத்தில் நிற்கிறது, உருவமோ வளைவோ பெரிதாக இல்லை. அதை எதிர்பார்த்துப் போகிறவர்கள் "வெறும் பாத்திதானே" என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

அதே பயணத்தில் பனியும் குங்குமப்பூ வயலும் பார்த்துவிடலாமா?

பனி, ஆம்: ஏப்ரல் தொடக்கத்தில் குல்மார்க்கின் மேல் பகுதியில் இருக்கும். குங்குமப்பூ, இல்லை. பாம்போரில் அது பூப்பது அக்டோபர் கடைசி, நவம்பரில். அந்தப் பக்கம் ஏப்ரலில் கடுகு வயல் மஞ்சளாக விரிந்திருக்கும். அதைக் காட்டிக் குங்குமப்பூ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பாதாம் பூ பார்க்க பாதாம்வாரி தோட்டத்துக்கு மார்ச் நடுவிலேயே போக வேண்டும், துலிப்புக்கு முன்பே அது உதிர்ந்துவிடும்.

இன்றைய நிலவரம் என்று அனுப்பும் படங்கள் இந்த ஆண்டுடையவைதானா? எப்படிக் கண்டுபிடிப்பது?

தேதியை நம்பாமல் படத்தைப் படியுங்கள். பின்னணியில் மரங்கள் மொட்டையாகவும் மலையுச்சியில் பனி தடிமனாகவும் இருந்தால் அது பருவத் தொடக்கம். மரங்களில் பசுந்தளிர் நிறைந்திருந்தால் ஏப்ரல் நடுவுக்குப் பிந்தையது. அடுத்து வகைகள்: கிளி வகையும் கறுப்பு வகையும் மலர்ந்திருக்கும் படத்தை மார்ச் 25 அன்று "இன்று எடுத்தது" என்று ஒருவர் அனுப்பினால் அது வேறு ஆண்டின் படம். எல்லாப் பாத்திகளும் ஒரே நேரத்தில் உச்சத்தில் இருப்பதாகக் காட்டும் படம் பெரும்பாலும் கணினியில் மெருகேற்றியது.

நம்பகமான வழி, நீங்கள் தங்கப் போகும் விடுதிக்காரரையோ படகு வீட்டுக்காரரையோ அழைத்து, "முதல் அடுக்கு பூத்துவிட்டதா, மேல் அடுக்கு எப்படி?" என்று பிரித்துக் கேட்பது. "பூத்துவிட்டதா?" என்று மட்டும் கேட்டால் எந்த விடுதிக்காரரும் ஆம் என்றுதான் சொல்வார்.